ஹைட்ரஜன் கிட்: மைலேஜைக் கூட்டுவது எந்தத் திருகு?

கொளத்தூரில் எங்கள் தெருவில் கால் டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மதியம், கருகிப்போன ஃபியூஸ்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஐந்தும் 30 ஆம்ப்.

"தம்பி, வண்டிக்கு ஹைட்ரஜன் கிட்டு மாட்டியிருக்கேன். இங்க எடுத்தா தாம்பரம் தாண்டறதுக்குள்ள ஃபியூஸ் போயிடுது. கரன்ட்டப் புடிச்சு நிறுத்தற மாதிரி சின்னதா ஒரு கன்ட்ரோலர் பண்ணிக் குடேன்."

நான் எலெக்ட்ரானிக்ஸ் ஆள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொருள் பொறுக்கி வந்து வீட்டு மேசையில் சர்க்யூட் கட்டுவது பல வருஷப் பழக்கம். கேட்டதும் கை பரபரத்தது. கட்டியும் கொடுத்தேன். ஆனால் கட்டி முடிப்பதற்குள் ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த மாதிரிக் கிட்டில் நாம் கட்டுப்படுத்தக்கூடிய விஷயங்கள் மூன்று: தண்ணீரைப் பிரிக்கும் செல்லுக்குள் போகும் கரன்ட், வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு, காரின் கம்ப்யூட்டருக்குப் போகும் சிக்னல். மைலேஜை அசைக்கும் திருகு மூன்றாவதில் மட்டும்தான் இருக்கிறது. அதைத் திருப்ப ஹைட்ரஜன் தேவையே இல்லை.

ஏன் இத்தனை பேர் இதைத் தேடிப் போகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. சென்னையில் பெட்ரோல் 2021 ஜூலையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அதன் பிறகு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குக்குப் பங்கு வந்துவிட்டது. எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் கலப்பெரிபொருளில் லிட்டருக்கு 6, 7 சதவீத ஆற்றல் குறைகிறது. நாள் முழுக்க வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது மாதக் கடைசியில் தெரியும். அந்த நேரத்தில் "தண்ணியில இருந்து எரிபொருள்" என்று யாராவது சொன்னால் காது கொடுக்கத்தான் தோன்றும்.

கிட் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு டப்பா, அதற்குள் வரிசையாக எஸ்.எஸ். (எவர்சில்வர்) தகடுகள், காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரம் கலந்த டிஸ்டில்டு வாட்டர். பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுத்தால் தண்ணீர் பிரிந்து இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்ஸிஜனும் சேர்ந்தே வெளியே வரும். அந்தக் கலப்பு வாயுவைத்தான் ஹெச்ஹெச்ஓ என்கிறார்கள். பப்ளர் என்ற தண்ணீர் பாட்டில் வழியாக அதை அனுப்பி, ஏர் ஃபில்டருக்குப் பின்னால் காற்றுக்குழாயில் சொருகிவிடுவார்கள். என்ஜின் காற்றோடு சேர்த்து அதையும் இழுத்துக்கொள்ளும்.

முதல் திருகு கரன்ட். இங்கே மைக்கேல் ஃபாரடே 1834-ல் சொல்லிவிட்டுப் போன விதிதான் ராஜா. எவ்வளவு மின்னூட்டம் ஓடியதோ அந்த அளவுக்குத்தான் வாயு வரும், ஒரு துளி கூடுதலாக வராது. ஒரு செல்லில் 1 ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினால், நம்ம ஊர்ச் சூட்டில் சுமார் 0.7 லிட்டர் கலப்பு வாயு கிடைக்கும். அண்ணன் வாங்கிய கிட்டில் ஆறு இடைவெளிகள் வரிசையாக இருந்தன, அதாவது ஆறு செல்கள். 20 ஆம்ப் கொடுத்தால் மணிக்கு 84 லிட்டர், நிமிடத்துக்கு 1.4 லிட்டர்.

ஃபியூஸ் ஏன் போகிறது? தண்ணீரைப் பிரிக்க, செல் ஒன்றுக்குக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். 1.48 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதெல்லாம் சூடாகத்தான் மாறும். ஓடும் வண்டியில் 13.8 வோல்ட்டை ஆறு செல்லுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 2.3 வோல்ட். ஆக 276 வாட் உள்ளே போனால் ஏறக்குறைய 100 வாட் டப்பாவைச் சூடாக்கவே போகிறது. சூடு ஏறினால் காஸ்டிக் கரைசலின் மின்தடை குறையும். தடை குறைந்தால் கரன்ட் ஏறும். கரன்ட் ஏறினால் மறுபடியும் சூடு. என் மேசையில், மின்விசிறிக் காற்றிலேயே, 18 ஆம்பில் தொடங்கிய முள் அரை மணி நேரத்துக்குள் 27-ஐ எட்டியது. பானெட்டுக்குள், மே மாத வெயிலில், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் 30 தாண்டுவதற்கு தாம்பரம் வரை போக வேண்டியதே இல்லை.

ஆகவே கரன்ட்டைக் கட்டிப்போட ஒரு கன்ட்ரோலர் தேவைதான். கடைகளில் இதற்கென்றே துடிப்பு கன்ட்ரோலர்கள் விற்கிறார்கள். பிடபிள்யூஎம் என்பார்கள். கரன்ட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுத்து, சராசரியைக் குறைக்கும் வேலை. அதோடு ஒரு கதையும் சேர்த்து விற்கிறார்கள்: சரியான அதிர்வெண்ணில் துடித்தால் தண்ணீர் 'ஒத்ததிர்ந்து' குறைந்த கரன்ட்டில் கூடுதல் வாயு தரும் என்று. இந்தக் கதையின் பெரிய பெயர் அமெரிக்காவின் ஸ்டான்லி மேயர். தண்ணீரில் ஓடும் வண்டி செய்ததாகச் சொன்ன அவர்மீது முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1996-ல் ஒஹாயோ நீதிமன்றம் அவர் செய்தது அப்பட்டமான மோசடி என்று சொல்லி, 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. அதே 1996-ல்தான் இங்கே ராஜபாளையம் பக்கமிருந்து கிளம்பிய மூலிகைப் பெட்ரோல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. சோதனைச்சாலையில் அது நிலைக்கவில்லை. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் செய்தி கொடுத்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. நம்ப விரும்புகிறவர்களை என்னால் குறை சொல்ல முடியாது.

அதிர்வெண் விஷயத்துக்கு வருவோம். ஃபாரடே விதிக்கு அதிர்வெண் தெரியாது, சராசரி கரன்ட்தான் தெரியும். இன்னும் சொல்லப்போனால் துடிப்பு இழப்பையே கூட்டும். 20 ஆம்பை நேராகக் கொடுப்பதற்குப் பதில், பாதி நேரம் 40 ஆம்ப், பாதி நேரம் பூஜ்யம் என்று கொடுத்தால் வாயு அதே அளவுதான் வரும். ஆனால் கரைசலிலும் வயரிலும் தடையால் வீணாகும் சூடு இரண்டு மடங்காகும், அந்தச் சூடு கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால். அதனால் நான் செய்தது இப்படி: கரன்ட்டை அளக்க ஒரு ஹால் சென்சார், வெட்டிக் கொடுக்க மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச், வெட்டியதைச் சமன்செய்ய ஒரு காயில், மேற்பார்வைக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர். 20 ஆம்ப் என்று வைத்தால் சூடு எவ்வளவு ஏறினாலும் 20-லேயே நிற்கும். கரைசல் 60 டிகிரியைத் தொட்டால் முழுசாக நிறுத்திவிடும்.

அந்த 60 டிகிரி வரம்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் 70 டிகிரிக்குப் போனால் வெளியே வரும் வாயுவில் கால் பங்குக்கு மேல் வெறும் நீராவி. பப்ளரில் குமிழி கொப்பளிப்பதைப் பார்த்து "சூப்பரா கேஸ் வருது" என்று நாம் மயங்கும்போது, நம் கண்முன்னே டீக்குத் தண்ணீர்தான் கொதித்துக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு மூன்று லிட்டர், நான்கு லிட்டர் என்று விளம்பரம் சொன்னால், எத்தனை ஆம்ப், எத்தனை செல், எத்தனை டிகிரியில் என்று கேளுங்கள். ஆம்பையும் செல்லையும் 0.7-ஐயும் பெருக்கி 60-ஆல் வகுத்தால் உண்மை வந்துவிடும்.

இனி பணக் கணக்கு. 20 ஆம்பில் கிடைக்கும் ஹைட்ரஜன் மணிக்கு நான்கரை கிராம். அதை எரித்தால் வரும் ஆற்றல் 150 வாட் அளவு. அதைத் தயாரிக்க 276 வாட் மின்சாரம் போனது. அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் என்ற ஜெனரேட்டரிலிருந்து. "ஆல்டர்னேட்டர் எப்படியும் சுத்திக்கிட்டுதானே இருக்கு, கரன்ட் சும்மாதானே வருது" என்பார் அண்ணன். இல்லை என்பதை அவருக்குக் காட்ட ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. வண்டியை ஐடிலிங்கில் விட்டு, கிட் சுவிட்சைப் போட்டேன். என்ஜின் சத்தம் ஒரு கணம் அமுங்கி, பிறகு முக்கிக்கொண்டு எழுந்தது. ஏ.சி. போடும்போது கேட்குமே, அதன் தம்பி மாதிரி. மின்சாரம் எடுக்கும்போது ஆல்டர்னேட்டர் கனக்கும், அந்தக் கனத்தை பெல்ட் வழியாக என்ஜின்தான் சுமக்கிறது.

ஆல்டர்னேட்டரின் திறன் 55 சதவீதம் என்று வைத்தால், 276 வாட்டுக்காக பெல்ட்டில் 500 வாட் வேண்டும். என்ஜின் திறன் 25 சதவீதம் என்றால் அந்த 500 வாட்டுக்கு 2,000 வாட் அளவு பெட்ரோல் எரிய வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல். ஆக மணிக்கு சுமார் 220 மி.லி. பெட்ரோல் இந்தக் கிட்டுக்கே செலவு. கூடுதல் பாரத்தை என்ஜின் சராசரியைவிட நல்ல திறனில் சுமக்கும் என்று தாராளமாக 40 சதவீதம் கொடுத்தாலும் 140 மி.லி. ஆகிறது. பதிலுக்குக் கிடைக்கும் ஹைட்ரஜனின் ஆற்றல் 17 மி.லி. பெட்ரோலுக்குச் சமம்.

140 கொடுத்து 17 வாங்குகிறோம். செல்லை எவ்வளவு அழகாகக் கட்டினாலும், தகட்டை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் இந்த இடைவெளி மூடாது. நஷ்டத்தின் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே, என்ஜினிலும் ஆல்டர்னேட்டரிலும் நடந்து முடிந்துவிடுகிறது.

விவரம் தெரிந்த கிட்காரர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் வாதம் வேறு: "ஹைட்ரஜனை எரிபொருளா பாக்காதீங்க சார். அது தூண்டி. பெட்ரோல் பாதி எரியாமலே சைலன்சர்ல போகுது. அத முழுசா எரிய வைக்கும்." இதைச் சும்மா தள்ளிவிடக் கூடாது, ஏனென்றால் பாதி உண்மை இதில் இருக்கிறது. ஹைட்ரஜன் சுடர் பெட்ரோல் சுடரைவிடப் பலமடங்கு வேகமாகப் பரவும். அதைச் சேர்த்தால், காற்று அதிகமான மெலிந்த கலவையும் விட்டுவிட்டு எரியாமல் சீராக எரியும். 1977-ல் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் ஒரு கார் என்ஜினில் இதைச் செய்து காட்டியது. தில்லியில் 2020-ல் 18 சதவீத ஹைட்ரஜன் கலந்த சி.என்.ஜி.யை 50 பேருந்துகளில் சோதிக்கத் தொடங்கினார்கள். இவை உண்மையான வேலைகள்.

ஆனால் அளவைப் பாருங்கள். நாசா பயன்படுத்தியது சிலிண்டரில் அடைத்த ஹைட்ரஜனும், மெத்தனாலிலிருந்து தனிக் கருவியில் பிரித்த ஹைட்ரஜனும். ஆல்டர்னேட்டரிடம் கடன் வாங்கியது இல்லை. தில்லிப் பேருந்தின் 18 சதவீதம் என்பது கன அளவில். ஆற்றலில் பார்த்தால் 6 சதவீதம் அளவு. நம்முடைய கிட்? 60 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் மணிக்கு 4 லிட்டர் குடிக்கும், நிமிடத்துக்கு 620 லிட்டர் காற்றை இழுக்கும். அதில் நம் ஹைட்ரஜன் ஒரு லிட்டருக்கும் குறைவு. பத்தாயிரம் லிட்டர் காற்றுக்கு 15 லிட்டர். ஆற்றல் கணக்கில் 0.4 சதவீதம். ஒரு அண்டா சாம்பாரில் ஒரு சிட்டிகை பெருங்காயம் மணக்கும், ஒப்புக்கொள்கிறேன். சுடரின் வேகத்துக்கு அப்படி மூக்கு இல்லை.

பெட்ரோல் பாதி எரியாமல் போகிறது என்பதும் தவறு. சரியாக ஓடும் இன்றைய என்ஜினில் 97, 98 சதவீதத்துக்கு மேல் எரிந்துவிடுகிறது. மிச்சமுள்ள இரண்டு சதவீதத்தை முழுசாக மீட்டாலும் லாபம் அவ்வளவுதான். பெட்ரோலின் பெரும் பகுதி வீணாவது ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் சூடாக. எரியாததால் வீணாகவில்லை, எரிந்த பிறகுதான் வீணாகிறது. அங்கே ஹைட்ரஜனுக்கு வேலை இல்லை.

இரண்டாவது திருகு பாதுகாப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் பற்றும். பற்றவைக்க 0.02 மில்லிஜூல் பொறி போதும், நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடக்குமே, அதைவிட மிகச் சிறியது. கிட்டில் வருவதோ ஆக்ஸிஜனும் சரியான பங்கில் ஏற்கெனவே கலந்த வாயு. குழாய்க்குள் அது வெடித்தால் அலை நொடிக்கு 2,800 மீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது.

என் மேசைச் சோதனையில் ஒரு சாயங்காலம் பப்ளர் மூடியின் நட்டை நான் சரியாக முறுக்கவில்லை. கசிந்த வாயு பக்கத்திலிருந்த ரிலே என்ற மின்சுவிட்சைச் சுற்றி நின்றிருக்கிறது. ரிலே 'டிக்' என்றது. அடுத்த கணம் அணுகுண்டு வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். பப்ளர் மூடி கூரையில் மோதி அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது. காது பத்து நிமிடம் ஒய்ங் என்று ஒலித்தது. முழங்கையில் காஸ்டிக் துளி பட்ட இடம் சிவந்து வழவழவென்று ஆனது, குழாயடியில் கால் மணி நேரம் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பப்ளருக்குள் தண்ணீருக்கு மேலே வாயு நிற்கும் இடம் வெறும் 300 மி.லி. செல்லுக்கும் அதற்கும் நடுவே தண்ணீர் இருந்ததால் வெடி செல்லுக்குத் திரும்பவில்லை. பப்ளர் எதற்கு என்று அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது.

அதனால் யார் இதைக் கட்டினாலும் கன்ட்ரோலரில் கட்டாயம் இருக்க வேண்டியவை சில. இக்னிஷன் ஆன் என்பதை நம்பி வாயு தயாரிக்கக் கூடாது. என்ஜின் சுற்றுகிறதா என்று ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்தோ ஆல்டர்னேட்டரிலிருந்தோ தெரிந்துகொண்டு, சுற்றினால் மட்டும் ரிலே பிடிக்க வேண்டும். என்ஜின் அணைந்து சாவி ஆனிலேயே இருந்தால், காற்றுக்குழாய் முழுக்க வாயு நிரம்பி, அடுத்த ஸ்டார்ட்டில் ஏர் ஃபில்டர் பெட்டியே பிளக்கும். ரிலேயும் மாஸ்ஃபெட்டும் டப்பாவுக்குத் தள்ளி இருக்க வேண்டும். என் மேசையில் நான் இழைத்த இன்னொரு தவறு அதுதான். ட்யூபை என்ஜினின் வெற்றிட இணைப்பில் மாட்டினால் அது காஸ்டிக்கையும் சேர்த்து உறிஞ்சும். காஸ்டிக் பட்டால் அலுமினியம் அரிக்கும், என்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி முழுக்க அலுமினியம். இதெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் மைலேஜ் ஒரு மீட்டர் கூடாது. உயிர் மிஞ்சும், அவ்வளவே.

இப்போது மூன்றாவது திருகு. அண்ணனின் கிட்டோடு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்புப் பெட்டியும் வந்திருந்தது. அதிலிருந்து வயர் போய்ச் சேர்ந்த இடம் ஆக்ஸிஜன் சென்சார். "ஹைட்ரஜன் போட்டா சென்சார் குழம்பிடும், அத சரி பண்றதுக்கு" என்று மாட்டியவர் சொல்லியிருக்கிறார்.

சென்சார் செய்யும் வேலை எளிமையானது. புகைக்குழாயில் மிச்ச ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று பார்க்கும். பெட்ரோல் அதிகமான கலவையென்றால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், காற்று அதிகமென்றால் 0.1 பக்கம் இறங்கும். நடுவே 0.45. காரின் கம்ப்யூட்டர் இதைப் பார்த்துப் பார்த்து ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கில் கலவையைப் பிடித்து வைக்கும். புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அந்தக் குறுகிய எல்லைக்குள்தான் மூன்று நச்சுகளையும் ஒருசேரச் சுத்தம் செய்யும்.

ஹெச்ஹெச்ஓ வந்தால் சென்சார் குழம்புமா? அந்த வாயு தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைச் சரியாகத் தானே கொண்டு வருகிறது. இரண்டுக்கு ஒன்று. எரிந்தால் தண்ணீர், மிச்சம் ஒன்றுமில்லை. புகைக்குழாயில் சென்சார் பார்ப்பதற்குக் கூடுதல் ஆக்ஸிஜனே இருக்காது. அப்படியானால் கறுப்புப் பெட்டி எதைச் சரிசெய்கிறது?

அது சென்சார் வோல்ட்டேஜோடு கொஞ்சம் கூட்டி கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. கலவை சரியாக இருக்கும்போதே 'பெட்ரோல் அதிகமாக இருக்கிறது' என்று கம்ப்யூட்டர் நினைத்து, இன்ஜெக்டர் பீய்ச்சும் பெட்ரோலைக் குறைக்கும். கலவை மெலியும். மெலிந்த கலவையில் எரிபொருள் சில சதவீதம் மிச்சமாகலாம். விற்பவர் காட்டும் மைலேஜில் நிஜமான பங்கு ஏதாவது இருந்தால் அது இங்கிருந்துதான் வருகிறது.

கார் கம்ப்யூட்டரின் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரை அண்ணன் வண்டியில் சொருகி, செல்போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்து, இருவரும் பார்த்தோம். எரிபொருள் திருத்தம் என்று ஒரு எண் வரும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று அது சொல்லும். கறுப்புப் பெட்டியை அணைத்துவிட்டு வாயுவைத் திறந்தோம், மூடினோம், திறந்தோம். எண் வழக்கம்போலப் பூஜ்யத்தைச் சுற்றி ஊசலாடியது, வாயு வந்ததும் போனதும் அதற்குத் தெரியவில்லை. பிறகு வாயுவை மூடி, ட்யூபையே கழற்றிவிட்டு, பெட்டியை மட்டும் ஆன் செய்து அதன் சின்னத் திருகை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினேன். எண் மைனஸ் பக்கம் சரசரவென்று இறங்கியது. அண்ணன் திருகைப் பார்த்தார், கழற்றிக் கிடந்த ட்யூபைப் பார்த்தார்.

"அப்ப தண்ணி ஊத்தினதெல்லாம் எதுக்குப்பா?" என்றார்.

மெலிந்த கலவையே லாபம் தருமென்றால் கார் கம்பெனி ஏன் அதைச் செய்யவில்லை? 16-க்கு 1 என்ற பக்கம் போனால் நைட்ரஜன் ஆக்சைடு உச்சத்துக்குப் போகும். கன்வர்ட்டரால் அதை அந்த நிலையில் பிரிக்க முடியாது. பாரம் ஏறும்போது என்ஜின் தட்டும், வால்வும் பிஸ்டனும் கூடுதல் சூடு தாங்க வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு நாம் எடுக்கும் மாசுச் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அதனால் வண்டி பாஸ் ஆகிவிடும், அந்தப் புகையைப் பின்னால் டூவீலரில் வருகிறவர் சுவாசிப்பார். எனக்கு இந்தக் கிட் விஷயத்திலேயே அதிகம் உறுத்துவது இதுதான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 மாசு விதியின் இரண்டாம் கட்ட வண்டிகளில் கம்ப்யூட்டர் தன் சென்சார்களையே கூர்ந்து கவனிப்பதால், இந்த ஏமாற்று வேலை பெரும்பாலும் செக் என்ஜின் விளக்கில் போய் முடியும்.

"எனக்கு நிஜமாவே கூடுச்சு" என்பவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. கிட் மாட்டும் நாளில் ப்ளக், ஏர் ஃபில்டர், டயர் காற்று எல்லாம் சரிபார்க்கப்படும். காசு போட்ட மனசு ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதிக்கும். பங்கில் டேங்க் நிரப்பும்போது பம்ப் எங்கே கட் ஆகிறது என்பதிலேயே ஒன்றிரண்டு லிட்டர் முன்னே பின்னே ஆகும். ஒரு வாரம் அண்ணா சாலை, அடுத்த வாரம் வெளிவட்டச் சாலை என்றால் எந்தக் கணக்கும் நிற்காது. உண்மை தெரிய வேண்டுமென்றால் ஞாயிறு விடியற்காலை வண்டலூர் - மீஞ்சூர் சாலையில், ஒரே வேகத்தில், கடல்காற்றைக் கழிக்க இருபக்கமும் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் அணைத்து ஒரு முறை, வாயு மட்டும் ஒரு முறை, பெட்டி மட்டும் ஒரு முறை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை மைலேஜ் கூட்டும் சாதனங்கள் என்று வந்த நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பார்த்திருக்கிறது. பலன் தந்தவை மிகச் சில, அவற்றின் பலனும் சொற்பம். 2009-ல் அந்த நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன், பாதிக்குப் பாதி மைலேஜ் கூடும் என்று விற்கப்பட்ட ஒரு ஹைட்ரஜன் கிட்டின்மேல் வழக்கே தொடுத்தது.

சட்டம் பற்றி இரண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் என்றாலே அங்கீகாரம் பெற்ற வகையாக இருக்க வேண்டும், ஆர்.சி.யில் பதிய வேண்டும். பானெட்டுக்குள் தீப்பிடித்து, இன்சூரன்ஸ் ஆள் வந்து காஸ்டிக் டப்பாவைப் பார்த்தால் பேச்சு எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜன்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2025 ஜூலையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ரயில் ஹைட்ரஜனை வெளியிலிருந்து வாங்கி டாங்கில் நிரப்பிக்கொள்கிறது. ஃப்யூயல் செல் அதை மின்சாரமாக்க, மோட்டார் இழுக்கிறது. ஓடும் தண்டவாளத்திலேயே தன் சொந்த என்ஜினிடம் கரன்ட் வாங்கி, அதில் ஹைட்ரஜன் செய்து, அதையே குடித்து ஓடுவதாக அதைச் செய்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

அண்ணன் கிட்டைக் கழற்றிவிட்டார். டயர் காற்றை வாரம் ஒருமுறை பார்க்கிறார். நான் கட்டிய கன்ட்ரோலர் போர்டு என் மேசையில் பேட்டரி சார்ஜ் செய்துகொண்டிருக்கிறது. மிச்சம் இருந்தது டப்பாவுக்குள் இருந்த தண்ணீர். ஊற்றும்போது நிறமற்று இருந்தது, கழற்றும்போது எலுமிச்சை மஞ்சள். எஸ்.எஸ். தகட்டில் உள்ள குரோமியம், நேர்மின் பக்கம் அழுத்தம் கூடினால் கரைந்து குரோமேட் ஆகும், அதன் நிறம் அது. புற்றுநோய் தரக்கூடிய வகைக் குரோமியம். குரோமேட் தேங்கிய நிலத்தடி நீரின் கதை ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தெரியும். அண்ணன் அதை வாசல் சாக்கடையில் ஊற்றப் போனார். கையைப் பிடித்து நிறுத்தி, மூடி இறுகும் இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் அடைத்து, மேலே மார்க்கர் பேனாவில் 'விஷம்' என்று எழுதி, குழந்தைகள் கை எட்டாத பரணில் வைத்தோம்.